ஸ்வயம் பாடத்தை வகுப்பறைக்குள் கொண்டுவருவது: டெல்டா கல்லூரி ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

மத்திய அரசின் இலவச ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு கோர்ஸைப் பார்த்து, லிங்கை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "எல்லாரும் பார்த்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டால், ஆன்லைன் பாடமும் நேர் வகுப்பும் கலந்த கலப்புக் கற்றல் தொடங்கிவிட்டதாகப் பல துறைகளில் நினைக்கிறார்கள். நடப்பது என்ன? டைம்டேபிளில் இருந்த ஐந்து பீரியடும் அப்படியே இருக்கும். அதற்கு மேல் வாரம் இரண்டரை மணி நேர வீடியோ மாணவர் தலையில் ஏறும். வேதாரண்யத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்துபோகும் பிள்ளை இரண்டு வாரம் பார்க்கும், மூன்றாம் வாரம் விட்டுவிடும். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. பாடத்தை நாம் வகுப்போடு இணைக்கவில்லை, வகுப்புக்கு மேல் அடுக்கியிருக்கிறோம்.

வகுப்பு நேரத்தில் என்ன செய்கிறோம் என்பது மாறினால்தான் ஆன்லைன் பாடம் பலன் தரும். அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012-ன் பிற்பாதியில் மின்சுற்றுப் பாடத்துக்கு எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இருந்த எம்.ஐ.டி. வீடியோக்களை மாணவர்கள் முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தார்கள். வகுப்பில் ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வழக்கமான வகுப்பில் 59 சதவீதமாக இருந்த தேர்ச்சி இங்கே 91 சதவீதம் ஆனது. அதே பல்கலைக்கழகம் 2013 தொடக்கத்தில் வகுப்பறையே இல்லாமல் முழுக்க ஆன்லைனில் நடத்திய பாடங்களில் தேர்ச்சி சரிந்து, அந்த ஆண்டே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். மாணவர்களும் வேறு, பாடமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிட முடியாது. ஆனாலும் வீடியோவுக்குப் பின்னால் ஒரு வகுப்பறை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதில் தெரிகிறது.

முதலில், எந்த 40 சதவீதம்?

ஸ்டாஃப் மீட்டிங்கில் அடிக்கடி குழம்பும் இடம் இது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லும் 40 சதவீதம் இரண்டு உண்டு. 2021-ல் வந்த ஸ்வயம் கிரெடிட் (ஒரு தாளை முடித்தால் கணக்கில் சேரும் புள்ளி) விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்கு உள்ள மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக முடிக்க அனுமதிக்கலாம். 2016 விதிமுறையில் இது 20 சதவீதமாக இருந்தது. இங்கே முழுப் பாடமே ஸ்வயத்துக்குப் போகிறது, கிரெடிட்டும் அங்கிருந்து வருகிறது. 2021 மே மாதம் வெளியான கலப்புக் கற்றல் வரைவுக் குறிப்பு பேசும் 40 சதவீதம் வேறு. ஸ்வயம் அல்லாத ஒரு பாடத்துக்கு உள்ளேயே 40 சதவீதத்தை ஆன்லைனிலும் 60 சதவீதத்தை நேரிலும் நடத்தலாம் என்பது அது.

தன்னாட்சிக் கல்லூரி என்றால் முதல் வழி திறந்திருக்கிறது. பாடத்திட்டக் குழுவில் வைத்து, கல்விக் குழு ஒப்புதல் வாங்கி, எந்த ஸ்வயம் கோர்ஸ் எந்தத் தாளுக்கு ஈடு என்று பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவித்துவிட வேண்டும். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் கோர்ஸ்களில் 4 வாரத்துக்கு 1 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 என்பது பொதுக் கணக்கு. உங்கள் தாளுக்கு 4 கிரெடிட் இருந்து கோர்ஸுக்கு 3 என்றால் மீதி ஒன்றை எப்படி ஈடுகட்டுவது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். மாணவர் சான்றிதழோடு வந்து நின்ற பிறகு அதைப் பேசினால் சிக்கல்தான்.

இணைப்புக் கல்லூரியில் பாடத்திட்டமும் செமஸ்டர் தேர்வும் பல்கலைக்கழகத்தின் கையில். அங்கே கல்லூரி தானாகக் கிரெடிட் மாற்ற முடியாது. இரண்டாவது வழிதான் நடைமுறை: நம் தாளை நாமே நடத்துவோம், அதற்குள் ஸ்வயம் பாடத்தின் துண்டுகளை எடுத்து வைப்போம். இனி சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வழிக்கானது. டெல்டாவின் பெரும்பாலான அரசு, உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு உடனடியாகப் பயன்படப்போவது இதுவே.

கணக்கு இப்படி வரும். வாரம் 5 மணி நேரம், 15 வாரம் என்றால் 75 மணி நேரம். அதில் 40 சதவீதம் 30 மணி. வாரத்துக்கு 2 மணி ஆன்லைனுக்கு, 3 மணி நேர் வகுப்புக்கு. இந்த 2 மணியும் டைம்டேபிளில் இருந்து வர வேண்டும். ஹெச்.ஓ.டி.யிடம் பேசி, ஒரு பீரியடை கம்ப்யூட்டர் லேபில் வீடியோ பார்க்கும் நேரமாகவும், இன்னொன்றை வீட்டு வேலைக்கு விட்டுக்கொடுக்கும் நேரமாகவும் எழுதி வாங்குங்கள். இது கிடைக்காவிட்டால் 40 சதவீதம் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரே ஒரு யூனிட்டுக்கு மட்டும் செய்து பாருங்கள்.

பாடம் பொருந்துகிறதா என்று பார்ப்பது

தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் வரும் சேதம் அதிகம். 'புள்ளியியல் அறிமுகம்' என்ற பெயரில் இருப்பது பொறியியல் முதுகலை மாணவரை மனதில் வைத்து எடுத்ததாக இருக்கலாம். இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. பிள்ளை முதல் வாரத்திலேயே மிரண்டுவிடும்.

ஒரு பெரிய தாளில் நான்கு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் உங்கள் சிலபஸின் ஒவ்வொரு வரியும். இரண்டாவதில் அதற்குப் பொருந்தும் வீடியோவின் எண்ணும், அதில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்பதும். மூன்றாவதில் அளவு: முழுப் பொருத்தம், பாதி, இல்லை. நான்காவதில் இடறும் இடம். வீடியோக்களை நீங்களே கடைசிவரை பார்க்க வேண்டும். 1.25 வேகத்தில் பார்த்தாலும் 12 வாரக் கோர்ஸுக்கு 24 மணி நேரம் போகும். மே மாத விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கினால் முடிந்துவிடும். இதைச் செய்யாமல் இறங்க வேண்டாம். மாணவர் வந்து "சார், பதினாலாவது நிமிஷத்துல அவர் சொன்னது புரியலை" என்று கேட்கும்போது எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அன்றோடு அவர்கள் வீடியோ பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

சிலபஸில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவாகப் பொருந்தினால் முழுக் கோர்ஸில் மாணவர்களைச் சேர்க்காதீர்கள். பொருந்தும் வீடியோக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி சர்வரில் ஏற்றுவதாக இருந்தால் அந்தக் கோர்ஸின் உரிமக் குறிப்பை முதலில் படியுங்கள். லிங்க் கொடுப்பதில் சிக்கல் இல்லை.

நான்காவது கட்டம்தான் தங்கம். குறியீட்டு வேறுபாடுகளை அங்கே எழுதுங்கள். வெப்ப இயக்கவியலில் ஒரு பேராசிரியர் அமைப்பு செய்யும் வேலையை நேர்க்குறியாக எடுப்பார், இன்னொருவர் அமைப்பின் மீது செய்யப்படும் வேலையை நேர்க்குறியாக எடுப்பார். முதல் விதியே ஓரிடத்தில் கழித்தலோடும் இன்னோரிடத்தில் கூட்டலோடும் வரும். மாறுபாட்டுக் கணக்கில் மொத்த எண்ணிக்கையால் வகுப்பவர் உண்டு, ஒன்று குறைத்து வகுப்பவரும் உண்டு. வீடியோவில் ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வில் இன்னொன்று என்றால் மார்க் போகும். முதல் வகுப்பிலேயே இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஆறு, மழை, பண்டிகை: கால அட்டவணை

என்பிடெல் கோர்ஸ்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்குகின்றன. டெல்டாவில் இந்த இரண்டும் ஒன்றல்ல.

ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடம் அக்டோபர் நடுவில் முடியும், தேர்வு அதை ஒட்டி வரும். குறுவை அறுவடை, சம்பா நடவு, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை எல்லாம் அந்த நாட்களில்தான் வந்து குவிகின்றன. வீட்டில் நடவு ஆள் கிடைக்காத வாரத்தில் பிள்ளைகள் கல்லூரிக்கே வருவதில்லை, அசைன்மென்ட் எங்கே போடுவார்கள்? மழை பிடித்துவிட்டால் மின்சாரமும் சிக்னலும் கூடவே போகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஜனவரிப் பருவத்தில் பொங்கல் முடிந்து கோர்ஸ் தொடங்கும். சம்பா அறுவடை குறுக்கே வந்தாலும் மழை இருக்காது. முதல் முறை செய்கிறவர்கள் ஜனவரியில் தொடங்குங்கள் என்பதே எங்கள் உறுதியான யோசனை. இரட்டைப்படைப் பருவம் டிசம்பரிலேயே தொடங்கிவிடும் கல்லூரிகளில் கோர்ஸுக்கு முன்னால் சில வாரம் கிடைக்கும். அந்த நாட்களில், வீடியோவில் இல்லாத யூனிட்டை வழக்கம்போல் நடத்தி முடித்துவிடுங்கள்.

ஜூலையில்தான் செய்ய வேண்டும் என்றால் 8 வாரக் கோர்ஸைப் பாருங்கள். முதலாம் ஆண்டு மாணவர்களை வைத்து ஜூலையில் தொடங்கவே வேண்டாம். அட்மிஷன் முடிந்து வகுப்பு நிலைபெறவே ஆகஸ்ட் ஆகிவிடும், அதற்குள் கோர்ஸில் சேரும் கடைசித் தேதி போய்விடும்.

போனும் டேட்டாவும்

பருவத்தின் முதல் வாரத்தில் துண்டுச்சீட்டில் ஐந்து கேள்வி கேளுங்கள்: சொந்தப் போனா, வீட்டில் பகிர்ந்துகொள்வதா? பகிர்வது என்றால் எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும்? தினசரி எத்தனை ஜிபி பேக்? வீட்டுக்குள் சிக்னல் உண்டா? பஸ்ஸில் எவ்வளவு நேரம்? கூகுள் ஃபார்மில் இதைக் கேட்காதீர்கள், நெட் இல்லாதவர் பதில் அதில் வராது. வகுப்பில் கைதூக்கச் சொல்லவும் வேண்டாம். அண்ணன் வேலைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் போன் கிடைக்கும் என்பதை ஒரு பெண் அறுபது பேர் முன்னால் சொல்ல மாட்டாள்.

12 வாரக் கோர்ஸில் வாரத்துக்குச் சுமார் அரை மணி நேர வீடியோ ஐந்து இருக்கும். 360பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 300 எம்பி, ஆக வாரம் 750 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்குக்கு இது சுமையில்லை. ஆனால் யூடியூபைத் தானியங்கித் தரத்தில் விட்டால் 720பி-க்குப் போய் மூன்று மடங்கு தின்னும். முதல் வகுப்பிலேயே எல்லோர் போனிலும் தரத்தை மாற்றிக் காட்டுங்கள். கரும்பலகையில் எழுதி நடத்தும் பாடத்துக்கு 360பி போதும். புரோகிராம் வரிகளைத் திரையில் காட்டும் பாடத்துக்கு 480பி வேண்டும், இல்லாவிட்டால் கமாவுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது.

லேப் பீரியடில் முப்பது கணினியிலும் ஒரே நேரத்தில் யூடியூப் ஓட்டினால் கல்லூரி நெட் படுத்துவிடும். முந்தின மாலையே வீடியோக்களைத் தரவிறக்கி, லேப் உதவியாளரிடம் பென்டிரைவில் கொடுத்து எல்லாக் கணினியிலும் ஏற்றிவையுங்கள். ஹெட்போன் போதாவிட்டால் இருவருக்கு ஒரு கணினி, ஒரு ஜோடி இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்துகொள்ளலாம். இருவர் சேர்ந்து பார்ப்பது நல்லதும்கூட, நடுவில் நிறுத்திப் பேசிக்கொள்வார்கள்.

வீடியோவைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். எட்எக்ஸ் பார்வையாளர்களை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் ஈடுபாட்டோடு பார்ப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் போவதில்லை என்று தெரிந்தது. நம் வீடியோக்களை நாம் வெட்ட முடியாது. ஆனால் "3-ஆம் வீடியோ, 4-ஆம் நிமிடம் முதல் 12 வரை, பிறகு இந்தக் கேள்வி" என்று எழுதிக் கொடுக்க முடியும்.

ஒரு வாரம் எப்படி ஓடும்

வெள்ளிக்கிழமை, அடுத்த வாரத்துக்கான ஒரு பக்கத் தாள்: எந்த வீடியோ, எந்த நிமிடம், எதைக் கவனிப்பது, மூன்று கேள்வி. திங்கள் லேபில் ஒரு பகுதி பார்ப்பார்கள், மீதி வீட்டில். செவ்வாய் இரவு 9 மணிக்குள் மூன்று கேள்விக்கும் பதில், வாட்ஸ்அப்பிலோ ஃபார்மிலோ. மூன்றாவது கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த இடம் புரியவில்லை?" பதில்களை 20 நிமிடத்தில் வாசித்துவிடலாம். புதன்கிழமை வகுப்பு அதிலிருந்துதான் பிறக்க வேண்டும். கிழமைக்குப் பதில் நாள் வரிசை எண்ணில் டைம்டேபிள் ஓடும் டே ஆர்டர் முறையில் கிழமை நகர்ந்துகொண்டே போகும், ஆகவே கெடுவை மட்டும் 'வகுப்புக்கு முந்தின இரவு' என்று வையுங்கள்.

புதன்கிழமை வகுப்பில் வீடியோவில் சொன்னதைத் திரும்ப நடத்தக் கூடாது. நல்ல ஆசிரியர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள், அக்கறையால். "பார்க்காதவங்களுக்காக ஒரு தடவை சுருக்கமா சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தால் நாற்பது நிமிடம் போய்விடும். பார்த்துவிட்டு வந்தவர், இனி பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்வார்.

அதற்குப் பதில் என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து பயன்படுத்திவரும் முறை நம் வகுப்புக்கும் பொருந்தும். பலகையில் ஒரு கேள்வி எழுதுகிறோம்:

'ஒரு கிராமத்தில் 25 வயல்களில் குறுவை மகசூலை அளந்து திட்ட விலக்கம் கண்டோம். அதே கிராமத்தில் 100 வயல்களை அளந்தால் திட்ட விலக்கம் என்ன ஆகும்? அ. பாதியாகும். ஆ. ஏறக்குறைய அப்படியே இருக்கும். இ. இரு மடங்காகும்.'

இரண்டு நிமிடம், பேச்சில்லாமல், ஒவ்வொருவரும் நோட்டில் விடையை எழுத வேண்டும். எழுதாமல் கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத் தூக்குவார்கள். பிறகு மூன்று நிற அட்டைகளில் ஒன்றை எல்லோரும் ஒரே சமயத்தில் உயர்த்த வேண்டும். பாதி வகுப்பு 'அ' காட்டும். ஏன் என்று கேட்டால், "எண்ணிக்கை நாலு மடங்கு ஆயிடுச்சு சார், ரூட் எடுத்தா ரெண்டு, அப்ப பாதிதானே?" என்பார்கள். சூத்திரம் நினைவிருக்கிறது, எதற்கான சூத்திரம் என்பது குழம்பியிருக்கிறது.

இப்போது விடையைச் சொல்லாதீர்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு அட்டை காட்டிய பக்கத்து ஆளோடு மூன்று நிமிடம் வாதாட விடுங்கள். மறுபடி அட்டை. பெரும்பாலும் 'ஆ' ஏறியிருக்கும். 30-க்குக் கீழே என்றால் வாதத்தால் பயனில்லை, நீங்கள் நடத்தத்தான் வேண்டும். 70-க்கு மேல் என்றால் ஒரு நிமிட விளக்கத்தோடு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

முடிவில் விளக்கம்: திட்ட விலக்கம் என்பது வயலுக்கு வயல் மகசூல் எவ்வளவு மாறுகிறது என்பது. கூடுதலாக 75 வயலை அளந்ததால் அந்த ஊர் வயல்களின் இயல்பு மாறிவிடாது. குறைவது சராசரியின் திட்டப் பிழை. விலக்கத்தை 25-க்கு ஐந்தால் வகுத்தோம், 100-க்குப் பத்தால் வகுக்கிறோம், அதனால் அது பாதியாகும். இந்த ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஒரு பீரியடுக்கு இப்படி மூன்று கேள்வி போதும். மீதி நேரம் பல்கலைக்கழக மாதிரியில் ஒரு கணக்கு, கையால் எழுதி முடிக்க.

பார்க்காமல் வந்தவர்களை வெளியே அனுப்பாதீர்கள், வருகைப்பதிவிலும் கை வைக்காதீர்கள். பென்டிரைவில் உள்ள பகுதியை முதல் பத்து நிமிடம் கடைசிப் பெஞ்சில் ஒரு லேப்டாப்பில் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும். தொடர்ந்து மூன்று வாரம் அங்கேயே உட்காருபவர் யார் என்று பாருங்கள். அவரிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும், காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள்

பாடம் புரியாததற்கும் ஆங்கிலப் பேச்சின் வேகம் புரியாததற்கும் வேறுபாடு உண்டு. வேகத்தை 0.75 ஆக்கி, கேப்ஷனைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தானியங்கிக் கேப்ஷன் கலைச்சொற்களில் தவறும் என்பதால், வாரத் தாளின் பின்பக்கத்தில் பதினைந்து சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதிக் கொடுங்கள். அகராதிப் பொருள் வேண்டாம், அந்த வீடியோவில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி. சில என்பிடெல் பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது, உங்கள் கோர்ஸுக்கு இருக்கிறதா என்று அதன் பக்கத்தில் பாருங்கள். வகுப்பு விவாதம் தமிழில் நடக்கட்டும். விடையை ஆங்கிலத்தில் எழுதுவதற்குத் தனியாகப் பயிற்சி கொடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் பிள்ளை வாயே திறக்காது.

மதிப்பெண்

என்பிடெலில் இறுதி மதிப்பெண் 25-75. அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்டும், 8 வாரக் கோர்ஸில் சிறந்த 6-ம் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழுக்கு 25-க்கு 10, 75-க்கு 30, இரண்டும் தனித்தனியே வர வேண்டும். ஒன்றில் நிறைய வாங்கி மற்றொன்றில் விட்டதை ஈடுகட்ட முடியாது.

அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூடியூபிலும் சுற்றுவது ஊரறிந்தது. 25-க்கு 24 வாங்கிய பிள்ளை தேர்வில் 75-க்கு 30 எடுக்காமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். அறிவுரை இதைத் தடுக்காது. வாரம் பத்து நிமிடம், அசைன்மென்ட்டில் வந்த ஒரு கணக்கை எண்களை மட்டும் மாற்றி, வகுப்பில் கையால் எழுத வையுங்கள். இன்டர்னல் மார்க்கை இதற்குக் கொடுங்கள், ஆன்லைன் அசைன்மென்ட் மார்க்குக்கு வேண்டாம். வகுப்புக்கு முந்தின இரவுப் பதிலுக்குச் சரி தவறு பார்க்காமல், முயன்றதற்கு மட்டும் மார்க். இன்டர்னலைப் பல்கலைக்கழகம் எப்படிப் பிரித்திருக்கிறதோ, அதில் அசைன்மென்ட் என்று இருக்கும் பகுதிக்குள் இந்த இரண்டையும் பொருத்தலாம்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

கோர்ஸில் சேருவது இலவசம், அது வேறு. தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு, அதற்குத் தனிப் படிவமும் கட்டணமும் கெடுவும் உண்டு. கோர்ஸில் சேர்ந்ததே போதும் என்று இருந்துவிட்டுக் கடைசித் தேதியைத் தவறவிடுபவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். என்பிடெல் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய் என்று இருந்துவருகிறது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் பாதி, அதற்குச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். அந்தந்தப் பருவ அறிவிப்பை ஒருமுறை சரிபாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர் தேர்வு எழுதாமலே பாடத்தின் பலனைப் பெறலாம், அவரை இரண்டாம் தரமாக நடத்த வேண்டாம்.

நம் பக்கத்தில் இனிஷியல் ஒரு தனித் தொல்லை. மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் அல்லது அப்பா பெயரே விரிவாக. பதிவில் தட்டுவதுதான் சான்றிதழில் வரும். பல்கலைக்கழகப் பதிவில் உள்ளபடியே தட்டச் சொல்லி, அனுப்பும் முன் ஒவ்வொருவர் திரையையும் பாருங்கள். கிரெடிட் மாற்றம் இருந்தால் டிஜிலாக்கர் வழியாக எடுக்கும் கிரெடிட் வங்கி (மாணவரின் கிரெடிட்டுகள் சேரும் கணக்கு) எண்ணிலும் அதே பெயர் இருக்க வேண்டும். சொந்த மெயிலில் சேர்ந்துவிட்டுக் கல்லூரி மெயிலில் தேர்வுக்குப் பதிவு செய்தால் அசைன்மென்ட் மார்க் ஒன்றில், தேர்வு இன்னொன்றில் என்று பிரிந்துவிடும். முதல் நாளே மெயில் முகவரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதவையுங்கள்.

கல்லூரியில் என்பிடெல் லோக்கல் சாப்டர் (கல்லூரிக் கிளை) இருந்தால் அதன் ஒருங்கிணைப்பாளரான ஸ்பாக் ஆசிரியரிடம் சொல்லி உங்களை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் வாராந்திர மார்க் உங்களுக்கே தெரியவரும். அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59, தாண்டினால் திறக்காது. செவ்வாய் மாலையே முடிக்கச் சொல்லுங்கள். தேர்வு மையமாகக் கிடைக்கும் ஊரைப் பதிவின்போதே பார்த்து, காலைத் தேர்வு என்றால் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். ஹால்டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், போனில் உள்ள படத்தை நம்பிப் போகக் கூடாது.

பருவம் முடிந்த வாரத்தில்

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்களை எடுத்து, எந்த வீடியோவில் எந்த நிமிடத்தில் எத்தனை பேர் இடறினார்கள் என்று உங்கள் நான்கு கட்டத் தாளிலேயே குறித்துவையுங்கள். பத்துப் பேருக்கு மேல் இடறிய இடங்கள் ஐந்தாறு இருக்கும். அவற்றுக்கு மட்டும் உங்கள் குரலில், தமிழில், ஆறு நிமிடத்துக்கு மிகாமல், போனை ஸ்டாண்டில் வைத்துப் பலகையைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் குரலுக்கு மேல் காற்றுதான் கேட்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் இந்த வேலை முடிந்துவிட்டால், புதிய பருவம் தொடங்கும் வாரத்தில் பழைய லிங்குகள் இன்னும் திறக்கின்றனவா என்று சரிபார்ப்பது மட்டும் மிச்சம்.